ஆடிட்டர் மருமகன்

பெருமாள்புரத்துக்கு வருவதற்கு உலகம்மாள் இரண்டு பஸ் மாறினாள். டவுனிலிருந்து நேராகவே பஸ் இருக்கிறது. ஆனால் நேர் பஸ்ஸில் தெரிந்த முகம் ஏதாவது ஏறும், "என்ன மயினி, இந்தப் பக்கம்?" என்று கேட்கும், அது சாயங்காலத்துக்குள் மகள் வடிவின் காதுக்குப் போகும், வடிவின் காதுக்குப் போனது மருமகன் காதுக்குப் போகாமல் இருக்குமா. தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டாலும் பரவாயில்லை என்று ஜங்ஷனில் இறங்கி, வேறு பஸ் ஏறி, முந்தானையைக் காது மறைய இழுத்துவிட்டுக்கொண்டு வந்து, ஆடிட்டர் ஜெபசிங் வீட்டு முன்கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நாற்காலி மட்ட ரகம், உட்கார்ந்ததுமே கால் அகலுகிற ஜாதி. அவளுக்கு நாற்காலி தெரியும். நாற்காலி, ஜமுக்காளம், அண்டா, குண்டான், இட்லிக் கொப்பரை என்று கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாடகைக்கு விடுகிற கடை அவளுடையது. புருஷன் சோமசுந்தரம் பிள்ளை இருந்தவரை அது சும்மா ஒரு கடை, அந்தப் புண்ணியவான் போய்ச் சேர்ந்த பிறகுதான் அது பிழைப்பு என்று வாய் கூசாமல் சொல்வாள். ஒருவனுடைய மதிப்பை அவன் பேச்சை வைத்தோ கழுத்துச் சங்கிலியை வைத்தோ அவள் எடை போடுவதில்லை. அவன் செத்தால் வீட்டுக்காரர்கள் எத்தனை நாற்காலி கேட்டு ஆள் அனுப்புவார்கள், அதில் எத்தனை நிரம்பும், அவ்வளவுதான் அவளுக்கு மனிதன். எதிரே ஒரு தடித்த ஆள் லாரி டயர் விலையைப் பற்றி போனில் கத்திக்கொண்டிருந்தான். இவன் வீட்டில் இருநூறு கேட்பார்கள், நாற்பது நிரம்பும், மிச்சத்தின் கீழே நாய் படுத்திருக்கும் என்று முடிவு கட்டிவிட்டு, அவனைப் பார்த்து மரியாதையாக ஒரு சிரிப்பும் சிரித்து வைத்தாள்.

வந்த காரியம் ஒன்றும் பாவ காரியம் இல்லை, ஆனால் திருட்டுத்தனமாகத்தான் வர வேண்டியிருந்தது. டவுனில் ஒரு கல்யாண மண்டபம் விலைக்கு வருகிறது. பாத்திரம் வாடகைக்கு விடுகிறவள் மண்டபத்தையே வாங்கிவிட்டால் அப்புறம் ஊரில் எவன் வீட்டில் நல்லது நடந்தாலும் அவள் வாசலில் வந்துதான் நிற்க வேண்டும், அந்த நினைப்பே வெல்லக்கட்டியாக இருந்தது. பேங்கில் கடன் கேட்டாள். மேனேஜர் சின்னப் பையன், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை, உங்களுக்கு என்னென்ன சொத்து இருக்கிறது, என்ன பெறும் என்று லைசென்ஸ் உள்ள ஆடிட்டர் ஒருத்தர் சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்றான். அதுக்கென்ன, எம் மருமவனே ஆடிட்டர்தான் என்று அவள் நிமிர்ந்து சொன்னாள். சொந்தக்காரர் போட்டால் செல்லாதும்மா, வெளி ஆள்தான் போடணும் என்றான் அவன். சட்டமே சொல்லிவிட்டது, வெளி ஆள். உலகம்மாளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஏனென்றால் மருமகன் பிரமநாயகம் பார்ப்பது கடைக்கணக்கு மட்டும்தான். தச்சநல்லூரில் வாங்கிப் போட்ட மனை, லாக்கரில் கிடக்கிற நகை, வட்டிக்கு விட்டிருக்கிற பணம் இதெல்லாம் அவர் கண்ணில் படாமல் ஆறு வருஷமாகக் காபந்து பண்ணி வைத்திருக்கிறாள். மருமகனுக்குச் சொத்து தெரிந்தால் மாமியாருக்கு ஆயுசு குறையும் என்பது அவள் கட்சி. மகளுக்கும் தெரியாது. மகள் என்பவள் கட்டிக்கொண்டு போன பிறகு மருமகனுடைய காது, அவ்வளவுதான். பேங்க் பியூனிடம் பத்து ரூபாயைக் கொடுத்து விசாரித்ததில் பெருமாள்புரத்து ஜெபசிங் பெயரைச் சொன்னான். கறாரான ஆளு, லைசென்ஸ் உள்ள ஆடிட்டரு, கையெழுத்து எங்க போனாலும் செல்லும் என்றான். அந்த லைசென்ஸ் உள்ள என்கிற வார்த்தை அன்றைக்கிலிருந்து பல்லிடுக்கில் பாக்குத் துணுக்கு மாதிரி அவளுக்குள் நிற்கிறது. ஏன், லைசென்ஸ் இல்லாத ஆடிட்டர் என்று ஒருத்தன் உண்டா என்ன. டாக்டர் என்றால் டாக்டர், ஆடிட்டர் என்றால் ஆடிட்டர். மருமகனுக்கும் இருக்கும், இருக்காமலா, பெட்டியில் வைத்திருப்பார். நாக்கால் துழாவித் துழாவிப் பார்த்தாள், துணுக்கு அசையவில்லை.

மருமகனுடைய ஆபீசும் இந்தப் பெருமாள்புரம் பக்கம்தான் எங்கேயோ இருக்கிறதாம். அதுதான் பயம். தெருவில் எதிரே வந்துவிட்டால் என்ன சொல்வது, கண் ஆஸ்பத்திரிக்கு வந்தேன் என்று சொல்லலாம், ஆனால் அவள்தான் அவரிடம் நேருக்கு நேர் பேசுவதே இல்லையே. அவர்கள் வீட்டு வழக்கம் அது. மருமகன் வாசல்படி ஏறுகிற சத்தம் கேட்டால் மாமியார் எழுந்துவிட வேண்டும், கதவு மறைவில் போய் நின்றுகொள்ள வேண்டும், சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்ல வேண்டும். "ஏளா வடிவு, மருமவனுக்கு இன்னும் ரெண்டு இட்லி வையி", "ஏளா, இந்த மாசத்து பில்லெல்லாம் மருமவன்கிட்ட குடுத்துரு", இப்படியே ஆறு வருஷம் ஓடிவிட்டது. தெருவில் மற்ற மாமியார்கள் மருமகனோடு சேர்ந்து உட்கார்ந்து டிவி பார்க்கிறார்கள், கேவலம். உலகம்மாள் எழுந்து நிற்பது மரியாதைக்காக மட்டும் இல்லை, ஊர் பார்ப்பதற்காக. உலகம்மாளே எழுந்து நிற்கிறாள் என்றால் வந்தவன் யார் என்று ஊர் கேட்க வேண்டும். ஆடிட்டர் என்று பதில் வர வேண்டும். கடைக்கு எதிர்வீட்டுப் பிச்சம்மாள் மகளுக்கு மின்சார வாரியத்தில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை வாய்த்தபோது அவள் தெருவெல்லாம் பூந்தி கொடுத்தாள். அந்தப் பூந்தி உலகம்மாள் தொண்டையில் ரொம்ப நாள் நின்றது. வடிவுக்கு வந்த வரன்களை ஒவ்வொன்றாகத் தட்டினாள். கடை வைத்திருக்கிறவன், வாத்தியார், வளைகுடாவில் இருக்கிறவன், எல்லாம் போ போ. பிரமநாயகத்தின் ஜாதகத்தோடு தரகர் "பையன் சி.ஏ." என்று சொன்ன நிமிஷம் பொருத்தம்கூடப் பார்க்கவில்லை. கல்யாணப் பத்திரிகைக்கு அவர்கள் எழுதிக் கொடுத்த தாளில் பெயருக்குப் பின்னால் சி.ஏ. என்றும் அதற்குப் பின்னால் அடைப்புக்குள் இன்டர் என்றும் இருந்தது. அந்த இன்டர் ஒரு வரியைத் தாண்டிக் கீழே தொங்கிற்று, பார்க்க அசிங்கமாக இருந்தது. அச்சாபீஸ்காரனிடம் அதை வெட்டு என்று சொன்னவள் இவள்தான். அவனும் வெட்டினான். இவளைக் கேள்வி கேட்க அவனுக்கு என்ன தைரியம்.

வடிவுகூட அந்தக் கல்யாணத்துக்கு ஒரு வார்த்தை முரண்டு பிடிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தபோது அவளுக்குப் பெருமையாக இருந்தது. வளர்ப்பு அப்படி. முருங்கையை ஒடித்து வளர்க்கணும், பிள்ளையை அடித்து வளர்க்கணும் என்பார்கள், அடித்து வளர்த்த பெண் ஒடியாது, வளையும். பதினாலு வயசில் ஒரு கல்யாண வீட்டிலிருந்து திரும்பி வந்த சாமானில் ஒரு பித்தளைக் கரண்டி குறைந்தது. எண்ணி வாங்கும் வேலை வடிவுடையது. போ, போய்க் கொண்டு வா என்று அனுப்பினாள். அங்கே பந்தி முடிந்து எச்சில் இலையெல்லாம் மண்டபத்துக்குப் பின்னால் குவிந்திருந்தது. பிள்ளை அந்தக் குவியலுக்குள் கையை விட்டு இலை இலையாகப் புரட்டியிருக்கிறாள், கூடப் படிக்கிற பிள்ளைகள் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு நின்று பார்த்திருக்கிறார்கள். கரண்டியோடுதான் வந்தாள். கை முழங்கை வரை சாம்பார் மணத்தது. அழுதாளா என்றால் அழவில்லை, கரண்டியைக் கழுவி இடத்தில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். சோமசுந்தரம் பிள்ளைதான் உப்புக்குச் சப்பாணியாக மூலையில் நின்று, "பிள்ளைய இப்படியா உலகு" என்று முணங்கினார். அந்த மனுஷனுக்கு எது புரிந்தது. கரண்டி முக்கியமா, ஒரு பெண்ணுக்குத் தன் பொறுப்பு என்பது முக்கியம். இப்போது பார், ஆடிட்டர் பெண்டாட்டி. தினமும் தவறாமல் போன், அம்மா சாப்டியளா, அம்மா மாத்திரை போட்டியளா, குரலில் தேன் வடிகிறது. பிச்சம்மாள் மகள் பேசுமா இப்படி.

உள்ளறைக் கதவு சாத்தியிருந்தாலும் ஆடிட்டரின் சத்தம் வெளியே கேட்டது. யாரையோ கிழித்துக்கொண்டிருந்தார். "ஒமக்கு எத்தன தடவ வே சொல்ல? இந்த வருசமும் பரீட்சையில கோட்டை விட்டாச்சு. சரி, கூட்டலாவது ஒழுங்கா வருமா? பெருக்கித் தொடைக்க வாரவ இத விட நல்லா கூட்டுவா வே." எதிராளியின் குரலே வரவில்லை. உலகம்மாள் அந்தச் சத்தத்தை ரசித்துக் கேட்டாள். வைவதிலும் ஒரு கை இருக்கிறது, இந்த மனுஷனுக்கு அது வாய்த்திருக்கிறது, லைசென்ஸ் உள்ளவன் இப்படித்தான் பேசுவான். மருமகனும் தன் ஆபீசில் ஒருத்தனை இப்படித்தான் நிற்க வைத்து வைவார் என்று நினைத்துக்கொண்டாள். வீட்டில் பூனையாக இருக்கிற மனுஷன் ஆபீசில் புலி என்று வடிவே சொல்லியிருக்கிறாள். லாரிக்காரன் போனை வைத்துவிட்டு, "பாவம், இந்தாளுக்கு தினம் இதான்" என்று உள்ளறையைப் பார்த்துத் தலையை ஆட்டினான். பாவமாவது, சம்பளம் வாங்குகிறவன் நாலு வார்த்தையும் சேர்த்து வாங்கத்தான் வேண்டும் என்று அவள் சொல்ல வாயெடுத்தாள். கதவு திறந்தது. முகம் மறையப் பைல்களை அடுக்கிக்கொண்டு ஒருவன் வெளியே வந்தான். முகம் தெரிவதற்கு முன்னால் சட்டைக் கை தெரிந்தது, வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்டது, ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிற சட்டை. பிறகு முகம். பிரமநாயகம்.

மூளைக்கு எட்டுவதற்கு முன்னால் முழங்கால்களுக்கு எட்டிவிட்டது. ஆறு வருஷத்துப் பழக்கம், மருமகனைக் கண்டதும் அவை தாமாக நிமிரத் தொடங்கின, இடுப்பு நாற்காலியை விட்டு நாலு விரற்கடை மேலே எழும்பியும்விட்டது. அந்தரத்தில் அப்படியே ஒரு கணம் நின்றாள். எழுந்தால் இவன் மருமகன். எழுந்தால் இப்போது கதவுக்குப் பின்னால் வசவு வாங்கியவன் உலகம்மாள் மருமகன் என்று லாரிக்காரனுக்குத் தெரியும், லாரிக்காரனுக்குத் தெரிந்தால் டவுனுக்குத் தெரியும், பிச்சம்மாளுக்குத் தெரியும். நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன்னைத்தானே கீழே அமுக்கி உட்கார வைத்தாள். நாற்காலி கால் அகன்று முனகிற்று. அவனும் பார்த்துவிட்டான். முத்திரை மை அப்பிய கட்டைவிரல் ஒன்று ஓரத்துப் பைலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, அவள் அங்கே இல்லாத மாதிரி அவளைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனான். போகிற முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சட்டையின் முதுகில் வியர்வை ஒரு பெரிய கறையாக ஒட்டியிருந்தது. இந்த முதுகுக்கா இத்தனை வருஷம் எழுந்து நின்றோம்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக ஆகிவிட்டது. முதலில் வந்தது கோபம்கூட இல்லை, கூச்சம். இந்தப் பயலுக்காகக் கதவு மறைவில் நின்றேனே, காபி ஆறிப்போனால் மாற்றி ஆற்றிக் கொடுக்கச் சொன்னேனே, கால் வலியோடு நின்றேனே. தலைதீபாவளிக்கு மோதிரம் கேட்கவில்லை, சங்கிலி கேட்கவில்லை என்று அதையும் ஒரு பெருந்தன்மையாக ஊருக்குச் சொன்னேனே. கேட்பதற்கு என்ன யோக்கியதை. கிளார்க்கு. கிளார்க்குகூட நல்லது, பரீட்சையில் தோற்றுத் தோற்றுத் தேய்ந்துபோன கிளார்க்கு. அப்போது அந்த அடைப்புக்குள் இருந்த இன்டர்? அதற்கு அர்த்தம் இதுதானோ, பாதி வேகாதது என்பதுதானோ. இல்லை, அதை நினைக்கக்கூடாது, அவர்கள் ஏமாற்றினார்கள், எழுதிக் கொடுத்ததை நான் வெட்டினேன் என்றால் வெட்டாதீங்க என்று வந்து சொல்லியிருக்க வேண்டாமா. குற்றம் அவர்களுடையது. அந்த இடத்தைத் தாண்டி மனசை ஓட்டிக்கொண்டு போனாள், அது வட்டமடித்துத் திரும்பவும் அச்சாபீஸ் வாசலுக்கே வந்தது. பாவம் வடிவு, ஆடிட்டர் பெண்டாட்டி என்று நினைத்துக்கொண்டு நெற்றியில் பெரிய பொட்டு வைத்துக்கொண்டு திரிகிறாள், அவளையும் அல்லவா ஏமாற்றிவிட்டான். சொன்னால் இடிந்து போவாள். சொல்ல வேண்டும். இல்லை, சொல்லலாமா. சொன்னால் வடிவு பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிடுவாள், கடையில் உட்காருவாள், பழையபடி கரண்டி எண்ணுவாள். அந்த நினைப்பு வந்தபோது கோபத்துக்கு நடுவில் ஒரு சுகம் தட்டிற்று. கடைக்கு இப்போது வைத்திருக்கிற பெண் திருடுகிறாள். ஆனால் வாழாவெட்டி என்று பிச்சம்மாள் பேசுவாளே. அப்படியானால் சொல்லாமல் வைத்திருந்து இவனை மட்டும் கையில் பிடித்துக்கொள்ளலாம். யோசிக்க யோசிக்க அவளுக்குச் சந்தையில் நல்ல மாட்டை மலிவாகக் கண்டுவிட்ட தெளிவு வந்தது.

"டவுன்லேருந்து வந்த அம்மா, உள்ள வாங்க" என்று கூப்பிட்டார்கள்.

ஜெபசிங் நல்ல கறுப்பு, வழுக்கை, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வேத வசனம். உட்காரச் சொல்லி, விஷயத்தைக் கேட்டுவிட்டு, கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "வே பிரமு, ஒரு பேப்பர எடுத்துட்டு வாரும். அம்மா சொல்லச் சொல்ல சொத்து விவரத்த எழுதும்."

அவன் வந்தான். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை, நின்றபடியே அட்டையில் தாளை வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தான். எவன் கண்ணில் படக்கூடாது என்று இரண்டு பஸ் மாறி வந்தாளோ அவனே எழுத வந்து நிற்கிறான். உலகம்மாள் மடியிலிருந்த பையை இறுக்கிக்கொண்டாள். பிறகு, கண்டால் என்ன, இனிமேல் இவன் என்ன செய்துவிட முடியும், சொத்து கேட்க வாய் வேண்டாமா என்று தோன்றிற்று. தச்சநல்லூர் மனையைச் சொன்னாள். நகையைச் சொன்னாள். வட்டிப் பணத்தைச் சொன்னாள், ஒவ்வொன்றையும் நிறுத்தி நிதானமாக, அவன் பேனா எட்டிப் பிடிக்கட்டும் என்று காத்திருந்து சொன்னாள். எழுத்து மட்டும் அழகாக இருந்தது. ஒரு இடத்தில்கூட அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சரிம்மா. இதுவரைக்கும் ஒங்க கடைக்கணக்க யாரு பாத்தா?" என்றார் ஜெபசிங். "எதுக்குக் கேக்கேன்னா, முன்னால பாத்தவரு ஆடிட்டரா இருந்தா, அவருக்கு ஒரு கடுதாசி போட்டுக் கேட்டுட்டுத்தான் நாங்க கையில எடுக்கணும். தொழில்ல அது ஒரு மரியாத."

"அவரு ஆடிட்டரு இல்ல" என்றாள் உலகம்மாள். முதல் தடவையாக அதைச் சத்தமாகச் சொன்னாள். சொன்னது நன்றாக இருந்தது. "ஆடிட்டர்னு சொல்லிக்கிட்டுத் திரியுத ஆளு. நாங்களும் வெளுத்ததெல்லாம் பாலுன்னு நெனச்சு குடுத்துட்டோம்."

ஜெபசிங் நாற்காலியில் சாய்ந்தார். "கேட்டீரா வே பிரமு? இதான் நான் தலையில அடிச்சிக்கிடுதது. பரீட்சை பாஸ் பண்ணத் துப்பு கெடையாது, ஊருக்குள்ள ஆடிட்டர்னு பேரு. எவனாவது எங்கிட்ட சம்பளம் வாங்கிக்கிட்டு வெளிய இந்த மாதிரி சோலி பாத்தான்னு தெரிஞ்சா, அன்னைக்கே வெளிய தள்ளிருவேன். மேல எழுதியும் போட்டிருவேன், பெறவு ஒரு ஆபீசுலயும் கால் வைக்க முடியாது." அவள் பக்கம் திரும்பினார். "யாரும்மா அந்த ஆளு? பேரச் சொல்லுங்க."

பேனா நின்றுவிட்டது. உலகம்மாள் இப்போதுதான் அவனை நன்றாகப் பார்த்தாள். ஆறு வருஷத்தில் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை, கதவிடுக்கு வழியாகப் பாதி முகம்தான் தெரியும். காதோரம் நரை. பெயர் நாக்கு நுனியில் உட்கார்ந்திருந்தது, ஊதினால் பறந்துவிடும். மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவள் அவசரப்படாமல் இருந்தாள். பந்தியில் கடைசி ஆளுக்கு இருக்கிற ஒரே அப்பளத்தைப் போடாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற சுகம் அது. முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். மேஜை மேல் இருந்த தண்ணீரை எடுத்து அண்ணாந்து குடித்தாள். குடித்து முடித்து தம்ளரை அவன் பக்கமாக நீட்டினாள். அவன் வாங்கி வைத்தான்.

"பேரு சட்டுனு வர மாட்டேங்கு சார்" என்றாள். "வயசாயிட்டுல்லா. ஞாபகம் வந்தா வந்து சொல்லுதேன். என்னைக்கு வேணும்னாலும் வரும்." பிறகு சிரித்துக்கொண்டே, "எங்கணக்க இனிமே இந்தத் தம்பியே பாக்கட்டும். பையன் நின்னுக்கிட்டே நல்லா எழுதுதாரு" என்றாள்.

"ஆளு நல்லவந்தான், மண்டையிலதான் ஒண்ணும் கெடையாது" என்று ஜெபசிங் பெருந்தன்மையாகச் சொன்னார். "வே, அம்மாவ ஆட்டோவுல ஏத்திவிட்டுட்டு வாரும். பைய வாங்கிக்கிடும்."

முன்கூடத்தைத் தாண்டி, படி இறங்கி, வேப்பமரத்தடிக்கு வரும்வரை அவள் முன்னாலும் அவன் பையோடு பின்னாலுமாக நடந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. அவளுக்கு அது உறைக்கவில்லை. வருகிற வழியில் பயந்து பயந்து நடந்த தெருவா இது, இப்போது தெருவே தன்னுடையது மாதிரி இருந்தது. மண்டபம் வந்துவிடும், மகள் வந்துவிடுவாள், மருமகன் காலுக்குக் கீழே. ஒரே காலையில் இவ்வளவும். கேட்டுக்கு வெளியே நின்று திரும்பினாள். நடுவில் கதவு இல்லை, வடிவு இல்லை. நேராக அவன் முகத்தைப் பார்த்து, இதுவரை அவனுக்கு வைத்திருந்த மரியாதையையெல்லாம் கழற்றி வைத்துவிட்டுப் பேசினாள்.

"கேட்டுக்கிடும் வே. அந்த வாடக வீட்ட இந்த மாசத்தோட காலி பண்ணும். வடிவக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துரும். அவ நாளையிலேருந்து கடையில உக்காரட்டும். நீரு ஆடிட்டராவே இரும், ஊருக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பாவம் எம்பிள்ள, அவளுக்கும் சொல்ல மாட்டேன். மாட்டேன்னு ஒரு வார்த்த வந்துச்சோ, எனக்கு அந்தப் பேரு ஞாபகம் வந்துரும்."

அவன் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான். தூரத்தில் வந்த ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தப் போனவன், கையை இறக்கிவிட்டு மெதுவாகச் சொன்னான்.

"வடிவுக்குத் தெரியும் அத்தை."

"என்னது தெரியும்?"

"எல்லாந்தான். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு நீங்க ரெண்டு நிமிசம் பேசச் சொல்லி பின்கட்டுல விட்டியள்லா, அப்பமே சொல்லிட்டேன். நான் ஆடிட்டர் இல்ல, பரீட்சை எழுதிக்கிட்டு இருக்கேன், ஆபீசுல சம்பளத்துக்கு இருக்கேன், ஒங்க அம்மாட்டயும் சொல்லிருதேன்னு சொன்னேன்." அவன் அவளைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துப் பேசினான். குற்றம் சொல்கிற குரல் இல்லை, மன்னிப்புக் கேட்கிற குரலாகத்தான் இருந்தது, அதுதான் தாங்கவில்லை. "அவதான் என் கையப் பிடிச்சுக்கிட்டா. 'அம்மாட்ட மட்டும் சொல்லிராதிய. ஆடிட்டர்னு நெனச்சாத்தான் அவ என்னய விடுவா. நீங்க கிளார்க்கா இருங்க, பியூனா இருங்க, எனக்கு ஒண்ணும் வேண்டாம், இந்த வீட்ட விட்டுக் கூட்டிட்டுப் போனா போதும்' அப்படின்னா. அன்னைக்கு அவ முகத்தப் பாத்தவன் யாரும் மாட்டேன்னு சொல்ல மாட்டான் அத்தை."

உலகம்மாள் பொய் என்று சொல்ல நினைத்தாள். பொய், இவன் தன் தோலைக் காப்பாற்றிக்கொள்ள என் பிள்ளை மேல் பழி போடுகிறான். ஆனால் முரண்டு பிடிக்காமல் தலையை ஆட்டிய வடிவு கண் முன்னால் நின்றாள், தாலி கட்டும்போது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத வடிவு, பிறந்த வீட்டை விட்டுப் புறப்படுகிற நேரத்தில் காரில் முதலில் ஏறி உட்கார்ந்துகொண்ட வடிவு. ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது, பிள்ளைக்கு மாப்பிள்ளை மேல அவ்வளவு ஆசை என்று. இவளும் சேர்ந்து சிரித்தாள்.

"சார்ட்ட சொல்லணும்னா சொல்லிருங்க" என்றான் அவன். "வேல போயிரும். போனா நல்லதுன்னுதான் அவ சொல்லுவா. கோயமுத்தூருக்குப் போயிருவோம், இங்க இருந்தா வாரா வாரம் அம்மா வீட்டுக்குப் போக வேண்டியிருக்குன்னு வருசக்கணக்கா சொல்லிக்கிட்டு இருக்கா. நாந்தான், ஒங்களுக்கு ஒரே பிள்ள, வேற யாரு இருக்கா, பாவம்னு சொல்லி நிறுத்தி வச்சிருக்கேன்."

பாவம். அவளைப் பார்த்து அந்த வார்த்தையை இதுவரை யாரும் சொன்னதில்லை. ஆட்டோ வந்து நின்றுவிட்டது. அவன் பையை உள்ளே வைத்தான், டிரைவரிடம் டவுனுக்கு என்றான், வாடகையைப் பேசினான், மேலே பார்த்துப் பத்திரமாக ஏறுங்க என்று கம்பியைக் காட்டினான். அவள் ஏறி உட்கார்ந்தாள். ஆட்டோ நகர்ந்தது. அவன் திரும்பி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே, வேகமாகப் படியேறிப் போனான், தாமதமானால் மறுபடி வசவு விழும்.

பெருமாள்புரத்து வீடுகள் பின்னால் ஓடின. உலகம்மாள் கணக்குப் போட்டுப் பார்த்தாள், போடத் தெரிந்தவள்தானே. பெயரைச் சொன்னால் இவன் வேலை போகும், போனால் வடிவு போய்விடுவாள். வடிவிடம் எனக்குத் தெரியும் என்று சொன்னால், ஒளிக்க இனி ஒன்றும் இல்லை என்று அதற்கும் போய்விடுவாள். ஒன்றும் தெரியாதவள் மாதிரி ஞாயிற்றுக்கிழமை கதவு மறைவில் எழுந்து நின்றால் மட்டும்தான் அவள் வருவாள். இவன் போய் வடிவிடம் சொல்ல மாட்டான், அவளை இங்கே நிறுத்தி வைத்திருக்கிறவனே இவன்தான். எந்தப் பக்கம் கூட்டினாலும் அதே தொகைதான் வந்தது. என் வயிற்றில் பிறந்தது, என்னை விட்டுப் போக ஒரு கிளார்க்கின் கையைப் பிடித்துக் கெஞ்சியிருக்கிறது. பைக்குள் போன் அடித்தது. வடிவு. அடித்து ஓயட்டும் என்று விட்டாள். ஓயவில்லை, எடுத்தாள்.

"அம்மா, சாப்டியளா? ஏன் சத்தமா இருக்கு, வெளிய இருக்கியளா? வெயில்ல அலையாதிய, என்ன." குரலில் அதே தேன். இன்றைக்குத்தான் உலகம்மாள் அதைக் காது கொடுத்துக் கேட்டாள். வாடிக்கைக்காரர் கோபித்துக்கொள்ளாமல் இருக்கக் கடையில் தான் பேசுகிற குரல் அது, தன்னிடமிருந்து பிள்ளை கற்றுக்கொண்டதுதான்.

"ஏளா, மருமவன் எங்க?" என்று கேட்டாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஒரு நொடிகூடத் தயங்கவில்லை வடிவு. "அவுகளுக்கு மூச்சு விட நேரம் இல்லம்மா. யாரோ பெரிய கிளையண்டு வந்திருக்காவளாம், ரூமுக்குள்ள உக்காந்து பேசிக்கிட்டு இருக்காவ. வெளிய ஆளு காத்துக் கெடக்காம்."

டிரைவர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான். போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாளா" என்றாள் உலகம்மாள். "ஆடிட்டர்னா சும்மாவா."